அளவும் பிழையும்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிவது பள்ளி ஆய்வகத்தின் பழைய சோதனை. நூலில் தொங்கும் உலோகக் குண்டு இருபது முறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்க்கிறார்கள். ஊசலின் நீளம் ஒரு மீட்டர், நேரம் 40.2 விநாடி என்றால், ஓர் அலைவுக்கு 2.01 விநாடி. இவற்றை வாய்பாட்டில் போட்டால் கணிப்பான் 9.7716437 என்று காட்டும். அந்த எட்டு இலக்கங்களில் நம்பத் தகுந்தவை முதல் இரண்டு மட்டுமே.

குண்டு குறியைக் கடப்பதைக் கண் பார்த்து, விரல் பொத்தானை அழுத்துவதற்குள் சுமார் 0.2 விநாடி ஓடிவிடுகிறது. சில சமயம் விரல் முந்தும், சில சமயம் பிந்தும். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால், இரண்டு விநாடியில் 0.2 விநாடி என்பது பத்து சதவீதப் பிழை. வாய்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் அது விடையில் இருபது சதவீதமாகும். புவியீர்ப்பு முடுக்கம் 8-க்கும் 12-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே அப்போது சொல்ல முடியும். இருபது அலைவுகளை அளந்தாலோ அதே 0.2 விநாடி நாற்பது விநாடிக்குள் கரைந்து அரை சதவீதமாகிறது. விடையில் ஒரு சதவீதம். நீள அளவீட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அது 0.1 சதவீதம்தான். ஆகவே நேர்மையான விடை 9.8, கூட்டல் கழித்தல் 0.1. இருபது அலைவு எண்ணச் சொல்வதன் காரணம் இதுதான். காரணம் தெரியாமலே எண்ணி முடித்துத் தேர்வில் தேறியவர்கள் ஏராளம்.

பிழை என்ற சொல்லை இயற்பியல் தவறு என்ற பொருளில் கையாள்வதில்லை. அளந்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாடுதான் பிழை. உண்மை மதிப்பு தெரிந்தால் அளக்க வேண்டிய தேவையே இல்லை; எனவே பிழை எவ்வளவு என்று திட்டமாகச் சொல்லவும் முடியாது. சொல்லக்கூடியது, உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்க வாய்ப்பு உண்டு என்பதை மட்டுமே. அந்த எல்லையின் பாதி அகலத்துக்கு ஐயப்பாடு என்று பெயர். கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் வருகிற எண் அதுதான். அந்த எண் இல்லாத அளவீடு பாதி அளவீடு.

விரல் முந்துவதும் பிந்துவதும் ஒழுங்கற்ற பிழை. அது இரு பக்கமும் சிதறுவதால், பலமுறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். ஆனால் தாராளமாகக் குறையாது: பிழை பாதியாக வேண்டுமானால் நான்கு மடங்கு அளவீடுகள் வேண்டும், பத்தில் ஒன்றாக வேண்டுமானால் நூறு மடங்கு.

முறையான பிழை வேறு வகை. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளத்தோடு குண்டின் ஆரமும் சேர்ந்தது. ஒரு சென்டிமீட்டர் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் நீளம் ஒரு சதவீதம் குறையும், விடையும் ஒரு சதவீதம் குறையும். ஆயிரம் முறை அளந்தாலும் அதே குறை அப்படியே நிற்கும். ஊசலை 30 பாகை வரை இழுத்து விட்டால் அலைவு நேரம் ஏறத்தாழ 1.7 சதவீதம் நீண்டுவிடும். அப்போதும் அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். திருகு அளவியின் சுழிப்பிழையும் இந்த இனம்தான். அதையாவது முனைகளை மூடிப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். மற்ற முறையான பிழைகள் பலவற்றுக்கு அப்படி எளிய சோதனை கிடையாது. அளவீடுகள் நெருக்கமாக விழுந்தால் அது நுட்பம். உண்மைக்கு அருகில் விழுந்தால்தான் துல்லியம். ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்க வேண்டும் என்பதில்லை.

2011 செப்டம்பரில் உலகமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தது. ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வு மையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்துக்கு, 730 கிலோமீட்டர் பாறையை ஊடுருவி நியூட்ரினோ என்னும் துகள்கள் அனுப்பப்பட்டன. அவை ஒளியைவிட சுமார் 60 நானோவிநாடி முன்னதாக வந்து சேர்ந்ததாக, அவற்றை அளந்த ஒபேரா குழு அறிவித்தது. கணக்கிட்ட ஐயப்பாடு சுமார் 10 நானோவிநாடிதான். அதாவது முரண்பாடு ஐயப்பாட்டைப் போல் ஆறு மடங்கு. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் திரட்டி ஒழுங்கற்ற பிழையை அடக்கியிருந்தார்கள். ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. சில மாதங்களில் காரணம் வெளிவந்தது: கடிகார அமைப்போடு சேரும் ஓர் ஒளியிழை வடம் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது. ஒரு கடிகாரத்தின் ஓட்டத்திலும் சிறு பிசகு இருந்தது. இரண்டையும் திருத்தியபோது நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. குழு கணக்கிட்ட ஐயப்பாட்டில் தளர்ந்த இணைப்புக்கு இடமில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத பிழை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஆனால் எல்லா முரண்பாடும் தளர்ந்த வடமாக முடிவதில்லை. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. அவருடைய எடைபோடும் முறையின் ஐயப்பாடு அதைவிட மிகச் சிறியது. ஆகவே அந்த அரை சதவீதத்தைப் பிழை என்று ஒதுக்க அவருக்கு வழியில்லை. 1894-இல் அவரும் வில்லியம் ராம்சேயும் விடையைக் கண்டார்கள்: காற்றில் ஏறத்தாழ ஒரு சதவீதம் அதுவரை அறியப்படாத ஒரு வாயு இருந்தது. அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டார்கள். 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில். தம் ஐயப்பாட்டைச் சரியாக அறியாதவருக்கு அந்த அரை சதவீதம் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியாக, கருவியில் இல்லாத ஒரு பிழை உண்டு. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று பாடநூலில் படித்துவிட்டு ஊசலை ஆட்டுகிற மாணவர், விடை 9.3 வந்தால் மறுபடி அளக்கிறார், 9.8 வந்தால் நிறுத்திக்கொள்கிறார். பதிவேட்டில் பொய் எழுதவில்லை, ஆனால் எதை எழுதுவது என்பதை எதிர்பார்ப்பு தேர்ந்தெடுத்துவிட்டது. பெரிய விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்ல. ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913-இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பைவிடச் சுமார் 0.6 சதவீதம் குறைவு. அவர் குறிப்பிட்ட ஐயப்பாடு 0.2 சதவீதம். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுக் குறைவாக இருந்ததே காரணம். அவருக்குப் பின் அளந்தவர்களின் மதிப்புகள் உடனே சரியான இடத்துக்குத் தாவாமல், மில்லிகனின் எண்ணிலிருந்து சிறிது சிறிதாக மேலேறின என்று 1974-இல் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் சுட்டிக்காட்டினார். மில்லிகனைவிட மிகுதியாக வந்தால் எங்கே தவறு என்று தேடினார்கள். அவருக்கு அருகில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை என்பது ஃபைன்மன் சொன்ன காரணம்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் விடையை மறைத்து வைத்து ஆய்வது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் என்னும் துகளின் காந்தத் தன்மையை அளந்த குழு, தன் கடிகாரத்தின் சரியான அதிர்வெண் தனக்கே தெரியாதபடி ஏற்பாடு செய்துகொண்டது. குழுவைச் சேராத இருவர் கடிகாரத்தை ஒரு ரகசிய அளவுக்கு மாற்றிவைத்து, அந்த எண்ணை உறையில் இட்டு மூடினார்கள். ஆய்வு முடியும் வரை, விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குழுவில் எவருக்கும் தெரியாது. பிழைகளையெல்லாம் கணக்கிட்டு முடித்து, இனி எதையும் மாற்றுவதில்லை என்று உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, 2021 பிப்ரவரியில் உறை பிரிக்கப்பட்டது. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் புரூக்ஹேவன் ஆய்வகம் கண்ட மதிப்போடு புதிய விடை ஒத்திருந்தது. ஏப்ரல் 7 அன்று அது வெளியிடப்பட்டது. அதன் ஐயப்பாடு பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கும் குறைவு.