உழைப்பும் பிறப்பும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், பழைய சாதி அமைப்பில் உழைக்கும் மக்கள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நூல்களில் படித்ததைச் சொல்வதற்கு முன்னால், நெற்களத்தில் என் கண்ணால் கண்டதைச் சொல்ல விரும்புகின்றேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அறுவடை முடிந்து, கூலி நெல் வாங்குவதற்காக என் தாயார் முந்தானையை ஏந்தி நின்றார். நிலத்துக்கு உரியவரின் நெல்லை அளக்கும்போது, முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி, ஒவ்வொரு மரக்காலையும் கோபுரம்போலக் குவித்து அளந்தார்கள். கூலி அளக்கும் முறை வந்தபோது, படியின் தலையைக் கையால் வழித்துவிட்டு அளந்தார்கள். எண்ணிக்கையிலும் ஒன்று குறைந்தது. மூன்றாம் வகுப்பு மாணவனாகிய நான், 'ஒரு படி குறைகிறது' என்று சொல்லிவிட்டேன். அளந்தவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் தாயாரைப் பார்த்து, 'இவனை எதற்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாய்?' என்று கேட்டார். குறைந்த படி வந்து சேர்ந்தது. ஆனால், அடுத்த அறுவடைக்கு எங்கள் வீட்டாரை அழைக்கவில்லை.

தோழர்களே! அந்த ஒரு கேள்விக்குள் பழைய அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. உழைப்பவன் உழைக்கலாம்; ஆனால், தன் உழைப்பின் கணக்கை அவன் அறியக் கூடாது.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம், வாயிலிருந்தும் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் காலிலிருந்தும் நான்கு வருணங்கள் தோன்றியதாகக் கூறுகிறது. காலில் தோன்றியவனாகச் சொல்லப்பட்ட சூத்திரனுக்கு, மேலுள்ள மூவருக்கும் பணி செய்வதே கடமை என்று மனு நூல் விதித்தது. பொருளீட்டும் ஆற்றல் இருந்தாலும் அவன் செல்வம் சேர்க்கலாகாது என்றும் அது கூறியது. இது ஏட்டில் உள்ள சட்டம். தமிழ்நாட்டு ஊர்களிலோ, சூத்திரர் எனப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் நிலத்துக்கு உடையவராக இருந்தார்கள். வயலில் இறங்கும் உழைப்பின் பெரும்பாரம், அந்த நான்கிலும் சேர்க்கப்படாமல் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் முன்னோரின் தோள்மீது விழுந்தது. பண்ணையாள் என்றார்கள், படியாள் என்றார்கள். படியால் கூலி பெற்றவன் படியாள். அவனுக்கு அளந்த அளவே அவனுக்குப் பெயராகவும் ஆயிற்று!

இவர்கள் தொழில் அறியாதவர்களா? எந்த மடையை எப்போது திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் பாயும் என்பதை அறிந்தவன் நீர்பாய்ச்சி. விதையின் முளைப்பையும் மண்ணின் ஈரத்தையும் கைவிரலால் அறிந்தவள் நாற்று நட்ட நம் தாய். தோலைப் பதப்படுத்திக் கமலைக்குச் சால் தைத்துக் கொடுத்தவன் இல்லையேல் கிணற்றுப் பாசனமே இல்லை. அறிவு இருந்தது. அந்த அறிவுக்கு மதிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை, நிலமும் இல்லை.

சட்டம் மெல்ல மெல்லவே அசைந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் 1859இல் வந்த மற்றொரு சட்டமோ, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. அச்சட்டம் 1926 வரை நீடித்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், நிலமற்ற நம் மக்களின் துயரை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் அரசு பஞ்சமி நிலங்களை வழங்க ஆணையிட்டது. அந்நிலங்களில் பல இன்று பிறர் கையில் இருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1976இல்தான் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைக் குகைவழியாகக் கிழக்கே திருப்பி, நம் கூடலூரின் லோயர் கேம்ப் வழியாக இப்பள்ளத்தாக்கில் இறக்கியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இரு போகம் விளைகிறது. அணை கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் அவர்களை இப்பகுதி மக்கள் தெய்வமாகப் போற்றுகிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அது தகுந்த நன்றியே. ஆனால், அக்காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, மலேரியாவாலும் காலராவாலும் மாண்ட கூலித் தொழிலாளரின் பெயர்களை நம்மில் எவரால் சொல்ல முடியும்?

நீர் வந்தது; நிலத்தின் விலை உயர்ந்தது; ஒரு போகம் இரு போகமாயிற்று. ஆனால், சேற்றில் நின்றவனுக்கு அந்நிலம் உரிமையாகிவிடவில்லை. படியின் தலையை வழித்த கை, இரு போகத்திலும் வழித்தது. செல்வம் பெருகினால் சாதி தானே கரைந்துவிடும் என்று சொல்வோருக்கு, நம் பள்ளத்தாக்கே விடை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில், சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்வோரையே ஒருவரினின்றும் ஒருவரைப் பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்பதை விளக்கினார். அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில்தான், 1944இல், நம் மாணவர்களின் உயர்கல்விக்கான உதவித்தொகை தொடங்கியது. உழைப்பாளியின் உரிமையும் மாணவனின் கல்வியும் அவருக்கு இரண்டல்ல, ஒன்றே.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேலே உள்ளவன் நம்மைப் பிரித்தான் என்கிறோம். நாம் நமக்குள் பிரிந்திருக்கவில்லையா? வயல் வேலை செய்வோர், துப்புரவு வேலை செய்வோரின் வீட்டில் நீர் அருந்தத் தயங்கவில்லையா? மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்த பின்னும், கழிவுநீர்க் குழிகளில் உயிர்கள் மடிகின்றன. மடிவோர் பெரும்பாலும் எந்தத் தெருவினர் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்காக நாம் குரல் கொடுக்காவிடில், பழைய அடுக்கின் ஒரு படியை நாமே தாங்கி நிற்கின்றோம் என்பதே பொருள்.

இளைஞர்களே! உழைப்பைக் கண்டு வெட்குவதற்காக நான் உங்களைப் படிக்கச் சொல்லவில்லை. ஏலத் தோட்டத்தில் களையெடுத்த கை இழிந்த கையன்று. 'நீ இந்த வீட்டில் பிறந்தாய். ஆகவே இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்' என்னும் கட்டு ஒன்றே இழிவானது. அக்கட்டை அறுக்கும் கருவி கல்வி. படித்து வேலைக்குச் சென்றவர்கள், பெற்றோரின் கூலிக் கணக்கையும் பட்டாவையும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் படிப்பின் முதற்பயன் அதுவாக இருக்கட்டும்.

தாய்மார்களே! விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைப்பாதை கடந்து தோட்ட வேலைக்குச் செல்கின்றீர்கள். உங்கள் துன்பத்தை நான் அறிவேன். வீட்டில் ஒரு முடை வந்தால், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லத் தோன்றும். அன்றைய கூலி அன்றைக்குத் தீர்ந்துவிடும். அவள் இழந்த ஆண்டு திரும்பாது. அந்த முடை வரும் நாளில் ஜீப்பை நோக்கி நடக்காமல், இக்கழகத்தின் கதவைத் தட்டுங்கள். கழகத்தாரும் அக்கதவை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றேன்.

'இவனை எதற்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாய்?' என்ற கேள்விக்கு என் தாயார் அன்று விடை கூறவில்லை. வேலை போன பின்னரும் என்னைப் பள்ளியிலிருந்து அவர் நிறுத்தவில்லை. அதுவே அவர் தந்த விடை. இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுகளும் அதே விடைதான். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்விடையை நம் தெருக்கள்தோறும், வீடுகள்தோறும் நீங்கள் சொல்ல வேண்டும் என்று வேண்டுகின்றேன்.