குளிரும் முதுமையும்

தமிழில் குளிர் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் உண்டு. அழகியதைக் கண்டால் கண் குளிர்கிறது. இனிய சொல்லைக் கேட்டால் செவி குளிர்கிறது. மக்கள் நன்றாக வாழ்ந்தால் பெற்ற வயிறு குளிர்கிறது. நாம் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த மக்கள். ஆகவே குளிர்ச்சி என்பது நமக்கு ஒரு வரமாகவே தோன்றி, அவ்வாறே மொழியிலும் நின்றுவிட்டது. ஆயினும் அந்த வரத்தையே சுமையாகச் சுமக்கின்ற ஊர்கள் சில இதே தமிழ்நாட்டில் இருக்கின்றன. அத்தகைய ஊர் ஒன்றையும், அங்கே வயது முதிர்ந்தவர்கள் பனிக்காலத்தைக் கழிக்கும் விதத்தையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நீலகிரியில் உதகமண்டலத்துக்கு மேற்கே, குந்தா மலைத்தொடரின் அடியில் இருக்கிறது அவலாஞ்சி. பெயர் ஆங்கிலப் பெயர். பனிப்பாறை சரிந்து விழுவதை ஆங்கிலத்தில் அவலாஞ்சி என்பார்கள். இங்கே சரிந்தது பனியன்று, மண். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஒரு பெரிய மண்சரிவைக் கண்ட வெள்ளையர்கள் இப்பெயரை இட்டார்கள் என்பர். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து இவ்வூர் நாடெங்கும் பேசப்பட்டது. மழைக்குப் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் மழை பெய்தால் அதைச் செய்தித்தாள் எழுதும். பனி பெய்தால் சுற்றுலா வந்தவர்கள் புல்லின் மேல் படிந்த வெண்மையைப் படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் உதகைக்குத் திரும்பிவிடுவார்கள். இரவு அங்கே தங்குகிறவர்களுக்கே அந்த வெண்மையின் பொருள் தெரியும்.

மாணவ நண்பர்கள் இதன் இயற்கைக் காரணத்தைத் தெரிந்துகொள்வது நன்று. நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் முதலில் விழுவது நீர்ப்பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு வருவது உறைபனி. மேகம் என்பது பூமிக்கு ஒரு போர்வை. அந்தப் போர்வை விலகியதும், பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் வானை நோக்கிக் கதிர்வீச்சாக வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது சரிவுகளில் நீர் போலவே வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்குகிறது. மலை உச்சியில் இருப்பவனை விடப் பள்ளத்தாக்கில் இருப்பவனுக்குக் குளிர் மிகுதி என்பது விந்தையாகத் தோன்றும், உண்மை அதுதான். அவலாஞ்சி, எமரால்டு போன்ற இடங்கள் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டர் அளவில் உயர்ந்திருந்தும், மலைகள் சூழ்ந்த கிண்ணங்களாக அமைந்தவை. ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே தரையிலுள்ள புல் உறைந்திருக்கும். தகரக் கூரை வேய்ந்த வீடும் அந்தப் புல்லைப் போன்றதே. தன் வெப்பத்தை வானுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே படுத்திருப்பவரின் வெப்பத்தைக் கேட்கிறது.

இளையவர் உடல் அதைக் கொடுத்துத் தாங்கும். நடுக்கம் என்பது உடல் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் ஒரு வழி. தசைகள் அதிர்ந்து வெப்பம் உண்டாக்குகின்றன. முதுமையில் தசை குறைகிறது, நடுக்கமும் குறைகிறது. குளிர்கிறது என்ற உணர்வுகூடச் சற்றுத் தாமதமாகவே எட்டுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்ந்து இதயத்துக்கு வேலை கூடுகிறது. குளிர்காலத்தில் வீட்டின் உள்ளே 18 டிகிரியேனும் இருத்தல் வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. முதியோர்க்கு அதனினும் சற்று மிகுதியாகத் தேவைப்படலாம் என்றும் குறிப்பிட்டது. மார்கழி விடியற்காலையில் அவலாஞ்சிப் பக்கத்து ஓர் ஓட்டு வீட்டில் 18 டிகிரி என்பது, நெருப்பு இல்லாமல் கிடைக்கக்கூடியதன்று.

அப்படியானால் நெருப்புக்கு எங்கே போவது? நீலகிரியின் வரலாற்றில் பாதி, விறகின் வரலாறுதான். வெள்ளையர்கள் உதகையில் குடியேறியதும் அவர்களுடைய கணப்புகளுக்குச் சோலைக்காடுகள் விறகாயின. சோலை அருகத் தொடங்கியதும், விரைவில் வளரும் ஆஸ்திரேலிய மரங்களான கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று நாம் நீலகிரியின் இயற்கை அழகு என்று வியக்கும் மரங்களில் பல, விறகுக்காக நட்ட மரங்களின் வழித்தோன்றல்கள். பின்னர் காட்டைக் காக்கும் சட்டங்கள் வந்தன. கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கிலேதான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டுப்பாடுகளை விதித்தது. காட்டைக் காப்பது சரியே; அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் விறகு அரிதான பிறகு, அதற்கு ஈடாக மற்றோர் எரிபொருளை வாங்கும் வன்மை முதியவர்க்கு வந்ததா என்பதை ஒருவரும் உடன் வைத்து எண்ணவில்லை. உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதற்கும் கால் வேண்டும், முதுகு வேண்டும். காட்டெருமை எதிர்ப்பட்டால் விலகி ஓடும் வேகமும் வேண்டும்.

நியாயவிலைக் கடையின் மண்ணெண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. அதற்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியமும் 2020-இல் இல்லாமற்போயிற்று. சமையல் எரிவாயு மானியம் அதே ஆண்டு மே மாதம் முதல் பெரும்பாலோர்க்கு நின்றது. 2022-இல் உஜ்வலா இணைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் உருளைக்கு 200 ரூபாய் என்றும், 2023-இல் 300 ரூபாய் என்றும் மீண்டது.

மின்சாரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இதில் ஒரு முரண் உண்டு. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு எழுந்த திட்டம் அது. இந்த மலையின் மழை, மின்சாரமாகிக் கம்பி வழியே சமவெளிக்கு இறங்குகிறது. அணையின் கரையில் குடியிருக்கும் முதியவர் அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 வாட் வெப்பப் பெட்டி ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் கொள்ளும். இரவில் 4 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். விளக்குக்கும் பிறவற்றுக்கும் 60 யூனிட் சேர்த்தால் 300. 2016-இல் அளிக்கப்பட்ட 100 யூனிட் இலவசத்தைக் கழித்து, 2024-ஆம் ஆண்டுக் கட்டணப்படி யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3.50 ரூபாய் என்று கொண்டால், 700 ரூபாய் ஆகிறது, மாதத்துக்கு 350. வெப்பப் பெட்டி இல்லாதிருந்தால் அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. குளிருக்கு அவர் கொடுக்கும் முழு விலை அந்த 350 ரூபாய்.

அவர் கைக்கு வருவது எவ்வளவு? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. நெடுங்காலத்துக்குப் பிறகு 2011-இல் 1,000 ரூபாய் ஆயிற்று, 2023-இல் 1,200. இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குட்பட்டவர்க்கு, 2007-இல் 200 ரூபாயாக இருந்தது. அதன் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே 200 ரூபாயாகவே நின்றது. தொகையைக் குறைத்தோம் என்று எந்த அரசும் சொல்லவில்லை. சொல்லாமலே குறைகிறது, விலைவாசி ஏறும்போது நிற்கும் தொகை, இறங்கும் தொகையே அன்றோ? தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்குச் சேமநிதி வழியாக வரும் ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 2014-இல் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. மேற்சொன்ன 350 ரூபாய் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நம் அரசாங்கத்துக்குக் குளிர் என்பது தெரியாததன்று. மலையூர்களில் பணிபுரியும் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு மலைப்படி உண்டு; குளிர்காலப் படி என்றே தனியாக ஒன்றும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி கொடுக்கும்படி விதி செய்யலாம் என்று அதன் 17-ஆம் பிரிவு கூறிற்று. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிற்சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது. அது வேறு கதை. சட்டம் எழுதியவர்கள் குளிரை அறிந்து, அதற்குப் பெயரிட்டு, ஏட்டில் ஏற்றினார்கள் என்பதே இங்கு வேண்டுவது.

ஆனால் அந்தப் படியும் கம்பளியும் வேலைக்கு உரியவை. ஊழியர் ஓய்வு பெறும் நாளில் ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அகவிலைப்படி கூட வருகிறது; குளிர்காலப் படி அலுவலக வாயிலிலேயே நின்றுவிடுகிறது. 59 வயதில் அரசு ஒப்புக்கொண்ட குளிர், 60 வயதில் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. உடலோ அந்த வயதில்தான் குளிரை முழுதாக உணரத் தொடங்குகிறது.

ஓய்வு பெற்றவர்கள் கீழே சமவெளிக்கு இறங்கிவிடலாமே என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். சமவெளியில் வீடும் உறவும் உடையவர்க்கு அது எளிது. மலையிலேயே தலைமுறைகளாக வாழும் படகர்களுக்கும் தோடர்களுக்கும் அது பொருந்தாது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் அமர்த்தப்பட்டவர்களுக்கோ, சமவெளியில் எந்த ஊர் என்றே சொல்ல முடியாது.

பிற நாடுகளில் எப்படி என்று பார்த்தால், இங்கிலாந்தின் வரலாறு நமக்குப் பயன்படும். அங்கே 1997-இல் ஓய்வூதியம் பெறும் வயதினர் எல்லோருக்கும் குளிர்கால எரிபொருள் தொகை வழங்கத் தொடங்கினார்கள். பின்னாளில் அது ஒரு வீட்டுக்கு 200 பவுன், 80 வயது கடந்தவர் இருந்தால் 300 பவுன் என்றாயிற்று. 2024-இல் புதிய அரசாங்கம், மிக வறியவர்க்கு மட்டுமே என்று அதைச் சுருக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அத்தொகையை இழந்தார்கள். நாடெங்கும் கிளம்பிய கண்டனத்தின்பின், ஆண்டு வருமானம் 35,000 பவுன் வரை உள்ளவர்கள் பெறலாம் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இதைக் காட்டிலும் எனக்குப் பிடித்த ஏற்பாடு அங்கே இன்னொன்று உண்டு. ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை சுழியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், அவ்வட்டாரத்து வறியவர்களுக்கு 25 பவுன் தானாகவே போய்ச் சேரும். மனு இல்லை, காத்திருத்தல் இல்லை. வெப்பமானியின் சொல்லே ஆணை. நம் நாட்டுக் கணக்கில் இதற்கு ஈடான ஒரு தலைப்பே இல்லை. ஆகவே குறைத்தார்கள் என்று குரல் எழுப்பவும் வழியில்லை.

தொகை இல்லாதபோது மக்கள் அறிவைக் கொண்டு சமாளிக்கிறார்கள். தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருப்பீர்கள்; பீப்பாயை நெடுகப் பிளந்து கவிழ்த்தாற்போல் இருக்கும். தவழ்ந்து நுழையும் அளவே வாயில், சாளரம் இல்லை, தடித்த புல் வேய்ந்த கூரை. சிறிது நெருப்பு அதை இரவெல்லாம் சூடாக வைக்கும். படகர் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பதும் வெப்பத்துக்கு நல்லதே. இவற்றை விட்டுத் தகரத்துக்கும் சிமெண்டுக்கும் வந்தபின், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியை உள்ளே வைத்துப் படுக்கிறார்கள். இது மிகக் கொடியது. காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, உறங்கியவர் விழிப்பதில்லை. நீலகிரியிலும் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், கரிச்சட்டியைப் படுக்கைக்கு முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

எமரால்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், இலங்கையிலிருந்து சிறுமியாக வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மையாரைக் கண்டு பேசினேன். தோட்டத்தில் கொடுத்த கம்பளி இப்போது உண்டா என்று கேட்டேன்.

“அது பேர் இருக்கிற ஆளுக்குத்தாங்க ஐயா. பேரை வெட்டிட்டாங்க. குளிரை வெட்டலியே,” என்றார்.

பேர் வெட்டுதல் என்பது தோட்டப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குதல். அவர் முகத்தில் குறை சொல்லும் குறிப்பு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. அவரும் அண்டையிலுள்ள முதியவர் இருவரும் மார்கழியிலும் தை மாதத்திலும் தனித்தனியே அடுப்பு மூட்டுவதில்லை. மூவரின் விறகும் ஓர் அடுப்பில் எரிகிறது. ஒரே உலையில் மூவருக்கும் சோறு. அடுப்பைச் சுற்றி எட்டு மணி வரை அமர்ந்திருந்து, அணைந்த பிறகு சூட்டாம்பலின் அருகிலேயே பெண்கள் இருவரும் படுத்துவிடுகிறார்கள்; ஆடவர் ஒருவர் மட்டும் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு தம் அறைக்குப் போகிறார். காலையில் பத்து மணிக்கு வெயில் பள்ளத்தை எட்டியதும் மூவரும் சுவரோரம் வந்து உட்காருகிறார்கள். மாசி பிறந்தால் அவரவர் அடுப்பு அவரவருக்கு.