குழாயில் கட்டும் வண்டி முகம்



கிள்ளான் பள்ளத்தாக்கில் வெல்டிங் பட்டறை இல்லாத வட்டாரத்தைக் காண்பது அரிது. கிள்ளான், காப்பார், பூச்சோங், கெப்போங், செந்தூல் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் நீலப் பொறி பறக்கும். அங்கே நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். கேட் செய்வதும் ஜன்னல் கம்பி அடிப்பதும் நாம் அறிந்த வேலைகள். அவற்றோடு சில பட்டறைகளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. காட்டில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் நான்கு சக்கர இழுவை வண்டியின் முன்பக்கத் தகடுகளை அறுத்து எடுத்துவிட்டு, இரும்புக் குழாய்களை வளைத்துப் பொருத்தி, அந்த இடத்தில் புது முன்பக்கம் கட்டுகிறார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கேட் அடிக்கத் தெரிந்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. கேட்டில் ஓர் ஒட்டு விட்டுப்போனால் கதவு தொங்கும். மறுநாள் மறுபடியும் ஒட்டலாம். இந்த வண்டி மலைச்சரிவில் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஓர் ஒட்டு விட்டால், உள்ளே இருக்கும் ஆளின் கதி என்ன?

முதலில், இப்படிப்பட்ட வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். 1993ஆம் ஆண்டு கேமல் டிராஃபி என்ற அனைத்துலகக் காட்டுப் பயணப் போட்டி சபாவில் நடந்தது. 1997இல் லூயிஸ் வீ என்பவர் நம் நாட்டிலேயே ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற போட்டியைத் தொடங்கினார். மற்றவர்கள் மழைக்காலத்துக்கு அஞ்சுவார்கள். இவர்களோ மழைக்காலமாகப் பார்த்துக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில், அடைமழையில், குலை ஏற்றிய லோரி புதைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேறு எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மரக்கட்டையில் மோதி மட்கார்ட் தகடு உள்ளே மடிந்தால் சக்கரம் திரும்பாது. அதனால்தான் தகட்டை எடுத்துவிட்டுக் குழாய் வைக்கிறார்கள். பெரிய சக்கரம் சுழல இடம் கிடைக்கிறது; சேறு தங்குவதில்லை; அடிபட்டால் அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தகடு போகட்டும், அது சுமந்திருந்த பொருள்கள் எங்கே போகும்? ரேடியேட்டர், முன்விளக்குகள், பானெட்டின் பூட்டு, பாட்டரி எல்லாம் அதில்தான் மாட்டியிருந்தன. அவை அத்தனைக்கும் புதுச் சட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். வின்ச் என்னும் இழுவை இயந்திரத்தின் கதை வேறு. தன் வண்டியையே தூக்கி இழுக்கும் பளுவை அது முன்பக்கத்தில் போடும். அந்தப் பளு அடியிலுள்ள சேஸுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். விளக்கு தாங்கும் மெல்லிய குழாயில் வின்சை மாட்டுகிறவன், வாழைமட்டையில் ஊஞ்சல் கட்டுகிறவன்.

இனி குழாயைப் பற்றி. உள்ளே வெறுமையாக இருக்கும் குழாயைவிட முழு இரும்புக் கம்பிதானே பலம் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளி விட்டம் 44.5 மில்லிமீட்டர், சுவர்த் தடிப்பு 3 மில்லிமீட்டர் உள்ள குழாய், ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் எடையிருக்கும். அதே எடையுள்ள இரும்பை முழுக் கம்பியாக உருட்டினால் விட்டம் 22 மில்லிமீட்டர்தான் வரும். வளையாமல் நிற்கும் விறைப்பில் அந்தக் கம்பியைவிடக் குழாய் ஏறக்குறைய 7 மடங்கு மேல். இரும்பு மையத்தை விட்டு விலகி நிற்க நிற்க வளைவை எதிர்க்கும் வலு கூடுகிறது. மூங்கிலை இயற்கை அப்படித்தானே வளர்த்திருக்கிறது!

ஆனால் எல்லாக் குழாயும் இதற்கு ஆகாது. இரும்புக் கடையில் தண்ணீர்க் குழாய் விற்கிறார்கள், விலையும் மலிவு. ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய் என்று வாங்கி வந்து அளந்தால் வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர் இருக்கும். அந்த ஒன்றரை என்பது, நீர் ஓடும் உட்பக்கத்தை ஒட்டி வைத்த பெயர். சட்டம் கட்டுவதற்கென்று விற்கும் குழாயையோ வெளி விட்டத்தையும் சுவர்த் தடிப்பையும் சொல்லித்தான் வாங்குவார்கள். தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. மோதலைத் தாங்குவதற்காக அன்று. அதிலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பட்டறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நல்ல குழாய் வாங்கியாயிற்று. உடனே கிரைண்டரைக் கையில் எடுக்கலாமா? இங்கேதான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். பானெட் மூடியிருக்கும்போது கண்ணாடிக்கும் பூட்டுக்கும் எவ்வளவு தூரம், இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் எவ்வளவு, ரேடியேட்டரின் அடி சேஸிலிருந்து எவ்வளவு உயரம், விசிறிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றையும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இரு பக்கத்தையும் குறுக்குக் கம்பிகளால் தற்காலிகமாகப் பிணைத்து ஒட்டிவிட வேண்டும். அப்புறம்தான் அறுப்பு. அப்படிப் பிணைக்காமல் அறுத்தால், அதுவரை இழுத்துப் பிடித்திருந்த தகடு விட்டுப்போனதும் மற்ற பாகம் மெல்ல விலகிவிடும். மறுபடியும் பானெட் மூடாது. ஜப்பானிலிருந்து வெட்டி அனுப்பும் பாதி வண்டிகளை ‘ஹாஃப்-கட்’ என்று கிள்ளான் பக்கத்துக் கடைகளில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவு தொலைந்துபோனால் அங்கே போய் இன்னொரு முன்பக்கத்தைத் தேடி அளக்க வேண்டியதுதான். அதற்குக் காசு கொடுப்பது யார்?

லோரி ஒன்று ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அடியிலுள்ள சேஸ் முறுக்கிக்கொள்ளும். ஓட்டுநர் அமரும் கூண்டோ அவ்வளவாக முறுக்காது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள் இருக்கின்றன. இப்போது ஒரு பையன், பலமாக இருக்கட்டும் என்று எண்ணி, ஒரே குழாயின் ஒரு முனையைச் சேஸிலும் மறுமுனையைக் கூண்டின் தகட்டிலும் இறுக ஒட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேஸ் முறுக்கும், கூண்டு மறுக்கும், நடுவில் அகப்பட்ட ஒட்டு வெடிக்கும். எதிலே பிறந்ததோ அதிலேயே முடிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கட்டு. சேஸில் நிற்கும் சட்டம் சேஸோடு போகட்டும். கூண்டைத் தொட்டே ஆக வேண்டுமானால் அங்கே ரப்பர் வைத்துப் போல்ட் போடட்டும்.

சட்டத்தின் வடிவத்துக்கு ஒரு வார்த்தை. நான்கு கட்டைகளால் செய்த வேலிக் கதவு நாளடைவில் சரிந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு கட்டை சேர்த்து அடித்தால் நின்றுவிடும். ரப்பர்ப் பால் தகடு காய வைத்த பழைய புகைக் கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் அங்கே முக்கோணமாகவே மரம் கோத்திருந்ததைக் கண்டிருப்பார்கள். குழாய்ச் சட்டத்திலும் அதே முறைதான். முக்கோணம் இல்லாத இடத்தில் எவ்வளவு தடித்த குழாயைப் போட்டாலும், தாங்கும் வேலையெல்லாம் ஒட்டின் தலையில் விழும். முன்பக்கம் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்று தடித்த தட்டுகளையும் குழாய்களையும் அடுக்குகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை எடையும் முன் அச்சின் மேல் உட்காரும். சேற்றில் முதலில் புதைவது மூக்குத்தான்.

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் பக்கத்தில் போய்ச் சேரும் இடமே கைத்திறனுக்குச் சோதனை. முனையை நேராக வெட்டி வைத்தால் இரண்டு இடத்தில்தான் தொடும். மற்ற இடமெல்லாம் வாய் பிளந்திருக்கும். அந்தப் பிளவை வெல்டிங் இரும்பால் நிரப்பி, கிரைண்டரால் தேய்த்து, சாயம் பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். முறையாகச் செய்கிறவர்கள் முனையை மீன் வாயைப்போல் வளைவாக வெட்டி, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் உட்கார வைப்பார்கள்.

அந்த வளைவை எப்படிக் குறிப்பது? ரவிக்கை தைக்கும் நம் பெண்களுக்கு இது தெரிந்த வித்தை. வெட்டிய கைத்துணியை மேசையில் விரித்தால் மேல் ஓரம் நேராக இராது. நடுவில் மேடாக எழும்பி, இரு புறமும் தாழ்ந்து வரும். அதையே குழல்போல் சுருட்டினால் தோளின் வட்டத்தில் அச்சாகப் பொருந்திவிடும். குழாய்க்கும் காகித அச்சு அப்படியேதான். 44.5 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 140 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்குக் காகிதம் வெட்டி, அதை 12 பங்காகக் கோடிட்டு, ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று வரைந்து புள்ளிகளை இணைத்தால் அச்சு கிடைக்கும். ஒரே பருமனுள்ள இரு குழாய்கள் செங்கோணத்தில் சேர்ந்தால் இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் ஒத்தாற்போல் வரும். சாய்ந்து சேர்ந்தால் அந்தச் சமன் மாறும். அச்சைக் குழாயில் சுற்றி, கோடு போட்டு, அறுத்து, அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டும். துளையிட்டே வெட்டும் கருவி விற்கிறது. வசதியுள்ள பட்டறைகள் வைத்திருக்கின்றன. ஆனால் காகித அச்சு வரையத் தெரிந்த பையனுக்கு அந்தக் கருவி இல்லாத பட்டறையிலும் மதிப்பு உண்டு. பள்ளியில் கணக்கு வாத்தியார் வட்டத்தையும் கோணத்தையும் நடத்தும்போது, இது எதற்கு உதவும் என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

வளைப்பதில் கவனிக்க வேண்டியது, உட்புறம் மடிப்பு விழக்கூடாது என்பதே. மடிந்த குழாய் அங்கேதான் முறியும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருப்பது வழக்கம். ஒட்டும்போது முதலில் எல்லா இணைப்பிலும் பொட்டுப் பொட்டாக மட்டும் பிடித்துக்கொண்டு, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒத்து வந்த பிறகே முழு ஒட்டு. அதையும் இடத்தில் கொஞ்சம், வலத்தில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒட்டு குளிரும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகச் செய்துகொண்டு போனால் சட்டம் கோணிவிடும். பாட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் தொடங்கினால் வண்டியின் மின்கருவிகள் கருகிப்போகலாம். எர்த் கவ்வியையும் ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும்.

இனி, வேலை செய்கிற பிள்ளையின் உடம்பு. ஜி.ஐ. குழாய் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, குளிர் நடுக்கமும் காய்ச்சலும் உடம்பு வலியும் காணும். வாயில் உலோகச் சுவை தட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தாய்மார்கள் இதை டெங்கிக் காய்ச்சல் என்று எண்ணலாம். டெங்கியை வெல்டிங் காய்ச்சல் என்று அலட்சியமாகவும் விட்டுவிடலாம். இரண்டாவதே ஆபத்து. மருத்துவரிடம் போகும்போது பையன் என்ன வேலை செய்தான் என்பதையும் சொல்லுங்கள். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகும், புகை நுரையீரலுக்குப் போகும். காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும்தான் காப்பு. முகமூடியில்லாமல் பொறியைப் பார்த்தாலும் அப்படியே. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோன்ற வலி நள்ளிரவில்தான் தொடங்கும்.

சட்டமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்கு ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். மோதினால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படியே வண்டியின் முன்பக்கத்தைச் செய்கிறார்கள். பல வண்டிகளில் காற்றுப்பையை விரியச்செய்யும் உணர்கருவியும் அங்கேதான் இருக்கிறது. இரும்புக் குழாய் முகத்தோடு பெருஞ்சாலையில் வரும் வண்டி, குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்காரனை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். போட்டிக்கென்று இப்படிக் கட்டிய வண்டியை லோரியில் ஏற்றிக் காட்டு வாயில்வரை கொண்டுபோய் இறக்குவதே முறை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் ரயில் பட்டறையிலும் வாழ்ந்து உழைத்த தமிழர்கள் இரும்பு வேலையில் பெயர் பெற்றவர்கள். அவர்களுக்குப் பதவியும் ஓய்வூதியமும் இருந்தன. இன்று சாலையோரப் பட்டறையில் கை தேர்ந்தும் காகிதம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு அவை இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சிக் கழகத்தில் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் வேலை செய்து கற்றவர்கள், தங்கள் வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, முன் அனுபவத்துக்கான அங்கீகாரமாக, பி.பி.டி. என்ற முறையில் அதைப் பெறலாம். ஆகவே பையன் செய்து முடிக்கும் ஒவ்வொரு சட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாயம் பூசும் முன், ஒட்டு தெரியும்படி. அவன் பெயரை முதலாளி சொக்சோவில் பதிந்திருக்கிறாரா என்பதையும் இந்த மாதச் சம்பளச் சீட்டில் பாருங்கள். சீட்டே கொடுப்பதில்லை என்றால் சொக்சோ அலுவலகத்திலேயே நேரில் போய்க் கேட்கலாம்.