கட்டடங்களைக் காப்பதும் கல்விப் பணியே

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் படிப்பிற்காக உழைத்து வரும் ஒரு கழகத்தின் விழாவிலே, பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "மாணவர்க்கு உதவித்தொகை வேண்டும், மாலை வகுப்பிற்கு ஆசிரியர் வேண்டும், இடியும் சுவர்களைக் காப்பதற்கா இப்போது பொழுது இருக்கிறது?" என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே என் உரையின் நோக்கம்.

நம்மைப் பற்றி எழுதி வைக்கப்பட்ட வரலாறு குறைவு. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலத்தைக் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் விளங்கக் காண்கிறோம். அந்நிலத்தை உழுதவர் பெயரை அரிதாகவே காண்கிறோம். ஆதலால், நம் முன்னோர் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பிய பள்ளிக்கூடமும், மாணவர் விடுதியும், படிப்பகமும், அச்சகமும் நமக்கு வெறும் சுவர்கள் அல்ல. நாம் இங்கே வாழ்ந்தோம், கற்றோம், போராடினோம் என்பதற்குச் சான்றுகள். சான்று அழிந்தால் வழக்குத் தோற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரோடு தொடர்புடைய இரண்டு கட்டடங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று இலண்டனில் உள்ளது, அது காக்கப்பட்டது. மற்றொன்று பம்பாயில் இருந்தது, அது இடிக்கப்பட்டது. இரண்டும் நமக்குப் பாடம்.

முதலில் இலண்டனுக்குச் செல்வோம். 1916இல் அம்பேத்கர் முதன்முறையாக அங்கே படிக்கச் சென்றார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை நடுவில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் கப்பலேறினார். இலண்டன் பொருளியற் பள்ளியில் படிப்பு. கிரேஸ் இன்னில் சட்டக் கல்வி. பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் வாசிப்பு. அரை வயிற்று உணவோடு அவர் அங்கே படித்ததை அவர் வரலாற்றை எழுதியோர் உருக்கமாகக் கூறுகின்றனர். 1921இல் முதுநிலைப் பட்டம், 1922இல் வழக்கறிஞர் தகுதி, 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்விற்காக அறிவியல் முனைவர் பட்டம் என்று அவர் உயர்ந்தார். அந்நாட்களில், 1921-22இல் அவர் தங்கியிருந்த வீடுதான் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் கிங் ஹென்றி சாலையிலுள்ள 10ஆம் எண் வீடு.

அது அரண்மனையன்று, வரிசையாக நிற்கும் வீடுகளுள் ஒன்று. வழிப்போக்கர் அதைக் கண்டு வியந்து நிற்கக் காரணமில்லை. ஆயினும், 2014இல் அவ்வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி தெரிந்தவுடன், பிரிட்டனில் வாழும் அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளின் கூட்டமைப்பினர் வாளா இருக்கவில்லை. அதை வாங்கி நினைவில்லம் ஆக்க வேண்டும் என்று மகாராட்டிர அரசை வேண்டினர். அவ்வரசு 2015இல் 30 இலட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் இந்தியப் பிரதமர் அதனைத் திறந்து வைத்தார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் தவறு. உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக மாற்றுவதற்கு அந்நாட்டு நகரமைப்புச் சட்டப்படி தனி இசைவு வேண்டும். காம்டன் நகராட்சி மன்றம் 2018இல் அந்த இசைவை மறுத்தது. வீட்டுப் பஞ்சம் மிகுந்த நகரில் ஒரு குடியிருப்பை இழக்க இயலாது என்பது அம்மன்றம் கூறிய காரணம். வருகையாளரால் அமைதி குலைகிறது என்று அண்டை வீட்டார் சிலரும் முறையிட்டனர். அக்காரணங்களையும் நாம் இகழ்ந்து தள்ளுதல் ஆகாது. குடியிருக்க வீடு வேண்டும் என்பதன் வலியை நம்மைவிட அறிந்தவர் யார்?

மேல்முறையீட்டில் 2019இல் பொது விசாரணை நடந்தது. அங்கே முழக்கம் எழுப்பி வெல்ல முடியாது. அவ்வீட்டில் அவர் வாழ்ந்ததன் வரலாற்றுச் சிறப்பு என்ன, அதை யார் நாடி வருகின்றனர், அண்டையார் குறையை எவ்வாறு தீர்க்கலாம் என்பனவற்றைச் சான்றோடும் சட்டத்தோடும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. இறுதியில், 2020 மார்ச்சு மாதத்தில் பிரிட்டனின் பொறுப்பு அமைச்சர் அருங்காட்சியகத்திற்கு இசைவளித்தார். விலை கொடுத்தது ஓர் அரசு. ஆனால் முதலிற் கண் விழித்துப் பார்த்தவர்கள், கடல் கடந்து பிழைக்கப் போன நம் போன்ற எளிய மக்கள்.

இனிப் பம்பாய்க்கு வருவோம். அந்நகரின் தாதர் பகுதியில் அம்பேத்கர் பவன் என்றொரு கட்டடம் இருந்தது. அங்கிருந்த புத்த பூஷண் அச்சகத்தில்தான் அண்ணலின் இதழ்கள் அச்சாயின. 2016 ஜூன் 25ஆம் நாள், ஊர் விழிக்கும் முன்னரே, இயந்திரங்களைக் கொண்டு அக்கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது. கட்டடம் பழுதுற்றது, அவ்விடத்தில் உயர்ந்த புதுக் கட்டடம் எழும் என்பது அதை நிருவகித்த அறக்கட்டளைத் தரப்பு கூறிய காரணம். இடித்தது சட்டப்படி சரியா, தவறா என்ற வாதம் ஒருபுறம் நடந்தது. அடுத்த மாதம் 19ஆம் நாள் பெருந்திரளான மக்கள் பம்பாய் வீதிகளிற் பேரணியாகச் சென்று தம் வேதனையைக் காட்டினர். அந்தப் பேரணி வரலாற்றில் நிற்கும். ஆனால் இடிந்த சுவர் எழுந்து நிற்கவில்லை.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் கடந்த ஊரில், ஓராண்டு இரண்டாண்டே அண்ணல் தங்கியிருந்த வீடு நிற்கிறது. அவர் வாழ்ந்து போராடிய நகரில், அவர் எழுத்து அச்சேறிய இடம் மண்ணாயிற்று. இலண்டனில் மக்கள் விழித்தது விற்பனைக்கு முன். பம்பாயில் மக்கள் திரண்டது இடிப்புக்குப் பின். அன்பில் இரு சாராரும் குறைந்தவரல்லர். காலத்தால் விழிப்பதே வேறுபாடு.

நம் தமிழகத்திற்கும் இப்பாடம் பொருந்தும். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையைத் தம் பௌத்தப் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டார். 1907இல் அங்கிருந்தே 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். கோலார் தங்கவயலின் தொழிலாளத் தோழர்கள் அவர் எழுத்தை அச்சிட்டுப் பரப்பினர். இதழ்களைப் போற்றி வைத்திருந்தவர்கள் இருந்தமையாலேயே 1999இல் அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவர முடிந்தது. அடையாற்றின் அருகே 1894இல் கர்னல் ஆல்காட் நம் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நூறாண்டுகளைக் கடந்தும் நடந்து வந்திருக்கிறது. பிள்ளைகள் நாள்தோறும் வந்து போகும் கட்டடத்தை இடிக்க எவருக்கும் எளிதில் துணிவு வராது. பூட்டிய கட்டடத்திற்கே முதலில் ஆபத்து வரும்.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஆவணம். உங்கள் ஊரில் நம் மக்கள் எழுப்பிய பழைய பள்ளி, விடுதி, மன்றம் எதுவாயினும் அதன் பட்டா, கிரயப் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், வரி இரசீது ஆகியவை யார் கையில் உள்ளன என்று கேட்டறியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஆவணங்களைப் படி எடுத்துக் கழகத்திலும் ஒரு தொகுதி வையுங்கள். ஒருவர் பெட்டியில் மட்டும் உள்ள பத்திரம் ஊராரின் சொத்துக்குக் காவலாகாது.

இரண்டாவது, பேணுதல். பழங் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. அவற்றின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்பி உதிரும். சுண்ணாம்பு கொண்டே பழுது பாருங்கள். சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். மழைக்கு முன் தளத்தின் நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்யுங்கள். கரையான் ஏறிய உத்திரத்தை உடனே கவனியுங்கள். நூறு ரூபாயில் முடியும் வேலையை விட்டுவிட்டால், பின்னர் 'பழுதுற்ற கட்டடம்' என்ற பெயரே இடிப்பதற்குக் காரணமாகிவிடும்.

மூன்றாவது, நினைவு. அங்கே படித்த முதியோர், மண் சுமந்த தாய்மார் இன்னும் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியைக் கேட்டு, நாளும் பெயரும் குறித்து எழுதி வையுங்கள். நாளை ஒரு விசாரணையில் 'இக்கட்டடத்தின் சிறப்பு யாது?' என்று கேட்டால், விடை உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

நான்காவது, பயன்பாடு. மாலை வகுப்போ, படிப்பகமோ, தேர்வுக்கான பயிற்சியோ ஏதேனும் ஒன்று அங்கே நாள்தோறும் நடக்கட்டும். விளக்கு எரியும் கட்டடத்திற்கு அவ்விளக்கே காவல்.

உதவித்தொகையா, கட்டடமா என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். பத்திரம் படிக்கவும், சட்டம் அறியவும், வரலாறு எழுதவும், நகராட்சி முன் நின்று வாதாடவும் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதே இக்கழகத்தின் வேலை. அப்பிள்ளைகளே நம் கட்டடங்களைக் காப்பர். அக்கட்டடங்கள் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு நிழல் தரும். அண்ணல் தாதரில் இராசகிருகம் என்ற வீட்டைக் கட்டியபோது, தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கருதினார். கல்வியும் கட்டடமும் வேறு வேறு என்று அவர் எண்ணவில்லை.

இக்கழகம் பொன்விழாக் காணும்போது, அவ்விழா நம் முன்னோர் கட்டிய கூடத்திலேயே, ஒழுகாத தளத்தின் கீழ் நடைபெற வேண்டும். அதற்கான வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.