சைக்கிள் ரிம்மின் ஆயுள்

சைக்கிளில் வேறு எந்தப் பாகம் தேய்ந்தாலும் நமக்கு விரைவில் தெரிந்துவிடுகிறது. சங்கிலி தளர்ந்தால் கடகடக்கிறது; டயர் தேய்ந்தால் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. சக்கரத்தின் ரிம் மட்டும் பல வருஷங்கள் சத்தமின்றித் தேய்ந்து, ஒரு நாள் திடீரென்று பிளந்துவிடுகிறது. அது முன்சக்கரமாக இருந்துவிட்டால், ஓட்டுகிறவர் தலைகுப்புற விழ நேரும். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ரிம்மின் ஆயுள் முடிந்ததை முன்கூட்டியே அறியும் வழிகளை இன்று கவனிப்போம்.

நாம் வாழும் இந்த ஜனக்புரி, 1970-களில் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய குடியிருப்பு. சமதரையான இடம், சைக்கிளுக்கு ஏற்றதென்றே தோன்றும். ஆனால் பங்கா சாலையிலும் நஜஃப்கர் சாலையிலும் நெரிசலுக்கிடையே செல்கிறவர் நிமிஷத்துக்கு நிமிஷம் பிரேக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மே, ஜூன் மாதங்களின் புழுதிக்காற்று மணலை வாரிவந்து பிரேக் கட்டையில் பதிக்கிறது. மணல் பதிந்த கட்டை, உப்புத்தாளைப் போல ரிம்மை அராவுகிறது. ஜூலையில் மழை தொடங்கினால், தேங்கிய நீர் ரிம்முக்குள் இறங்கித் துருவை வளர்க்கிறது. ஆக, ரிம்முக்கு வரும் நோய்கள் இரண்டு: தேய்வும் துருவும்.

பழைய கனத்த சைக்கிள்களில் இருப்பது இரும்பு ரிம். அவற்றின் கம்பி பிரேக்கில், கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அதாவது அச்சை நோக்கிய பக்கத்தை, அழுத்துகின்றன. இரும்பு எளிதில் தேயாது. பளபளப்புப் பூச்சு போய்விட்டது என்பதாலேயே ரிம்மைத் தூர எறிய வேண்டியதில்லை. அதற்குத் துருதான் எமன். டயரையும் ட்யூபையும் கழற்றி, உள்ளேயிருக்கும் நாடாவை நீக்கிப் பாருங்கள். கம்பித் துளைகளைச் சுற்றித் துரு ஏடு ஏடாக உரிந்தாலும், திருப்புளி முனையால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலும், நிப்பிள் துளைக்குள் புதைந்திருந்தாலும் அந்த ரிம்மின் காலம் முடிந்தது.

அலுமினிய ரிம்மின் கதை வேறு. இங்கே பிரேக் கட்டை ரிம்மின் பக்கச் சுவரைப் பிடிக்கிறது. டயரை இறுகப் பற்றி, உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவதும் அதே சுவர்தான். பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சுவர் மெலிகிறது. காற்றோ இரவும் பகலும் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பல ரிம்களில் கட்டை படும் இடத்தில் மெல்லிய பள்ளக் கோடு ஒன்று இருக்கும். அக்கோடு மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும் என்று பொருள். கோடு இல்லாதவற்றில் ஓர் அடிக்கோலை நிறுத்தி வைத்துப் பாருங்கள். கோலுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்துவிட்டது.

அளந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. டயரைக் கழற்றியபின், 2 மில்லிமீட்டர் கனமுள்ள சக்கரக் கம்பித் துண்டுகள் இரண்டைச் சுவரின் இரு புறமும் வைத்து, வெர்னியர் அளவியால் மொத்தத்தை அளக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் வந்தால், கம்பிகளின் 4 போகச் சுவரின் கனம் 1 மில்லிமீட்டர். அதற்கும் குறைந்தால் அந்தச் சக்கரத்தை நம்பக் கூடாது. விரிசல் கண்ணுக்குத் தெரிந்தாலோ, காற்றடித்ததும் சுவர் ஓரிடத்தில் புடைத்தாலோ அளவே வேண்டாம். உடனே காற்றை இறக்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம்.

இருவகை ரிம்முக்கும் பொதுவான சோதனை ஒன்று. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கரம் உள்ள பக்கத்துக் கம்பிகள் இயல்பாகவே சற்று இறுகியிருக்கும். ஆகவே ஒரே பக்கத்துக் கம்பிகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று கீச்சென்றும் அடுத்தது தொய்ந்தும் ஒலித்தால், கடைக்காரரிடம் கோட்டம் எடுக்கக் கொடுக்கலாம். கம்பிகளை ஒரே சீராக இறுக்கியபின் சக்கரம் மறுபடி கோணுகிறதென்றால், கோணல் ரிம்மிலேயே இருக்கிறது.

ரிம்மை மாற்றும்போது துளைகளை எண்ணிக்கொள்வது அவசியம். பழைய கனத்த சைக்கிள்களில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. வேறு பலவற்றில் 36. எண்ணிக்கை பொருந்தினால் பழைய அச்சையே வைத்துக்கொள்ளலாம். மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால், சைக்கிள் சந்தைக்குப் பேர்போன ஜண்டேவாலானில் இறங்கி வாங்கி வரலாம்.

நம் வீட்டுக்குப் பத்திரிகை போடுகிறவரும், இரவில் தெருவைக் காக்கிறவரும் பெரும்பாலும் பிறர் ஓட்டித் தேய்த்த சைக்கிளைத்தான் ஓட்டுகிறார்கள். கை முறிந்து ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தால் அவர்கள் இழக்கும் கூலியில் பல ரிம்கள் வாங்கலாம். நம் சைக்கிளைப் பார்க்கும்போது அவர்களுடைய முன்சக்கரத்தையும் ஒரு முறை தடவிப் பார்த்து, குழிந்திருந்தால் எடுத்துச் சொல்வோம்.