முதுகெலும்பின் படம்

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிச் செல்லும் அடியவர்களுள் முதியோர் பலர். ஏறத்தாழ 3,550 படிகளை ஏறி முடிக்கும் அம்முதியோரை எம்.ஆர்.ஐ. கருவியுள் கிடத்திப் படம் எடுப்போமாயின், பெரும்பாலோரது முதுகெலும்பில் ஏதேனும் ஒரு மாறுதல் தென்படும். ஆயினும் அவர்கள் நோயாளர் அல்லர். படத்தை ஆராயப் புகுமுன் இவ்வுண்மையை நாம் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பது இடைத்தட்டு. டிஸ்க் என்று வழங்குவதும் இதுவே. வெளியே நார்வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ்ப்பொருள் என்பது இதன் அமைப்பு. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தட்டைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. கருவியோ காந்தத்தாலும் வானொலி அலைகளாலும் உடலிலுள்ள நீரை அறிந்து படமாக்குகிறது. இம்முறையை வகுத்த லாட்டர்பர், மான்ஸ்பீல்டு ஆகிய இருவர்க்கும் 2003-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

படத்தை எவ்வாறு பார்ப்பது? பக்கவாட்டுப் படத்தில் எலும்புகள் செங்கல் அடுக்குப்போல் தோன்றும். நீரை வெண்மையாகக் காட்டும் படத்தில் நல்ல தட்டின் நடுப்பகுதி வெளுத்திருக்கும். நீர் வற்றிய தட்டு கறுத்துத் தாழ்ந்திருக்கும். தட்டின் பின்புறம் பிதுங்கியுள்ளதா என அடுத்து நோக்கவேண்டும். குறுக்குவெட்டுப் படம், அப்பிதுக்கம் வலப்புற நரம்பை அழுத்துகிறதா, இடப்புற நரம்பையா என்பதைத் தெரிவிக்கும்.

இனி, படமும் நோயாளியின் உடலும் ஒத்துப்போக வேண்டும். நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளின் இடையிலுள்ள தட்டு பிதுங்கினால் பெரும்பாலும் கால் கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்தும் வலிமை குறையும். அதற்கும் கீழுள்ள தட்டாயின் முன்னங்காலை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி நிற்றல் அரிதாகும். வலி இடக்காலில் இருக்க, படம் வலப்புற அழுத்தத்தைக் காட்டுமாயின், அவ்வலிக்குக் காரணம் வேறாதல் கூடும்.

முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்க மருத்துவர்கள் படமெடுத்து ஆராய்ந்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாத் தட்டுகளும் செம்மையாக இருந்தவர் நூற்றுக்கு 36 பேரே. வலியில்லாதோரிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை, இருபது வயதினருள் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினருள் 96 பேருக்கும் தட்டுத் தேய்மை உண்டென்கிறது. தலை நரைப்பது போன்றதே இது.

ஆதலால், அறிக்கையில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் அறுவைக்கு விரைதலும், மாதக்கணக்கில் படுத்தே கிடத்தலும் வேண்டா. தட்டுப் பிதுக்கத்தால் வரும் கால்வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். பிதுங்கிய பகுதி தானே சுருங்குவதும் உண்டு.

எனினும், சிறுநீர் தடைப்படுதல் அல்லது அறியாமற் கழிதல், தொடையிடுக்கும் ஆசனவாயைச் சூழ்ந்த இடமும் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது. சித்தூர்ச் சிற்றூர்களில் வாழ்வோர் திருப்பதிக்கோ வேலூருக்கோ, எது அண்மையதோ அங்குள்ள பெரிய மருத்துவமனையை உடனே அடைதல் வேண்டும். அங்கே படம் உயிர்த்துணையாகும். மற்றைய வேளைகளில் அது மருத்துவர்க்கு ஒரு சாட்சி, தீர்ப்பு அன்று.