மலையில் ஒரு கூடாரம்



பள்ளி விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவில் பிள்ளைகளோடு ஓர் இரவு கூடாரமடித்துத் தங்கினோம். கடல்மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கும் மேலே உள்ள இடம். வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை எடுத்துவிட்டார்கள். கைபேசிகளை நாங்களே அணைத்து வைத்தோம்.

இரவில் கடுங்குளிர். நால்வரும் ஒட்டிப் படுத்துக் கதை பேசினோம், செபமாலை சொன்னோம். விடியற்காலையில் மரைகள் மேய்வதைப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தார்கள்.

கூடாரத்தைக் கழற்றும்போது இளையவள் அழுதாள். "இங்கயே இருப்பம் அப்பா. வீட்டில நீங்கள் போனைத்தானே பாப்பீங்கள்" என்றாள். எங்களிடம் பதில் இல்லை.

உருமாற்ற மலையில் பேதுருவும் கூடாரம் அமைத்துத் தங்கிவிடவே ஆசைப்பட்டார். இயேசுவோ சீடர்களோடு கீழே இறங்கி வந்தார். அங்கே தன் ஒரே மகனுக்காக மன்றாடிய தகப்பன் ஒருவன் நின்றான். இயேசு அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. மலையில் பெற்ற அருள், கீழே காத்திருக்கும் பிள்ளைக்கானது.

இப்போது இரவுணவு முதல் செபமாலை முடியும்வரை எங்கள் கைபேசிகள் அலுமாரியில் இருக்கின்றன. சில நாள் தவறுகிறோம், மகள் நினைவூட்டுகிறாள்.

ஆண்டவரே, எங்கள் வீட்டிலும் எங்களோடு தங்கியருளும். ஆமென்.